அரியலூர் ரயில் விபத்தும் சாஸ்திரியின் சொல்லும்

பெரம்பலூர் நகருக்கு ரயில் நிலையம் கிடையாது. ரயில் ஏற பெரும்பாலும் அரியலூருக்குத்தான் போகிறோம். அங்கிருந்து திருச்சி நோக்கிக் கிளம்பினால் மருதையாற்றுப் பாலம் வரும். 1956 நவம்பர் 23 அதிகாலை, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் இங்கேதான் வெள்ளத்தில் விழுந்தது. 140க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அதே ஆண்டு மகபூப்நகர் விபத்தின்போதே அவர் விலக முன்வந்தார். பிரதமர் நேரு தடுத்துவிட்டார். இம்முறை ஏற்றுக்கொண்டார். விபத்துக்கு சாஸ்திரி காரணமல்ல, ஒரு முன்மாதிரி வேண்டும் என்பதற்காகவே ஏற்பதாக நாடாளுமன்றத்தில் விளக்கினார். இன்றும் பெரிய ரயில் விபத்து நடந்தால் தேநீர்க் கடையில்கூட சாஸ்திரியின் பேச்சு வருகிறது.

அவர் மேடைகளை அதிர வைத்தவர் அல்லர். ஆனால் 1965இல் பிரதமராக, போரும் உணவுத் தட்டுப்பாடும் சேர்ந்து நெருக்கியபோது, வாரத்தில் ஒருவேளை உணவை விட்டுக்கொடுங்கள் என்று கேட்டார். மக்கள் கேட்டார்கள். முதலில் தம் வீட்டில் அதைச் செய்து பார்த்த பிறகே நாட்டிடம் கேட்டார் என்பார்கள். பதவியையே விட்டவர் ஒருவேளைச் சோற்றை விடச் சொன்னால் யார் மறுப்பார்கள்?

நமக்கு இது புதிதல்ல. ஹிஜ்ரி 6, ஹுதைபிய்யா. உம்ரா செய்யாமலே திரும்பும் வேதனையில் ஸஹாபாக்கள் இருந்தார்கள். குர்பானி கொடுத்து முடி களையுங்கள் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மூன்று முறை சொல்லியும் யாரும் எழவில்லை. அவர்களுக்காக உயிரையும் கொடுக்கக்கூடியவர்கள்தாம்! அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் ஆலோசனை சொன்னார்கள்: யாரிடமும் பேசாமல் வெளியே சென்று, தாங்களே முதலில் செய்யுங்கள். அப்படியே செய்தார்கள். பார்த்ததும் அத்தனை பேரும் எழுந்தார்கள்.

ஆலிம்களாகிய எங்களுக்கு இங்கேதான் உறுத்துகிறது. வெள்ளிக்கிழமை மிம்பரில் வரதட்சணை ஹராம் என்று முழங்குகிறோம். ஞாயிற்றுக்கிழமை அதே வரதட்சணை பேசி முடித்த நிகாஹ்வில் குத்பா ஓதி, பிரியாணியும் சாப்பிட்டு வருகிறோம். தஃப்தரில் மஹர் மட்டும்தானே எழுதுகிறோம் என்று சமாதானம் வேறு! இத்தகைய நிகாஹ்வுக்குத் தஃப்தர் தர மாட்டோம் என்று முடிவெடுத்த ஜமாஅத்துகளும் தமிழகத்தில் உண்டு. அங்கே நீண்ட பயான் தேவைப்படுவதில்லை.

எங்களில் பலருக்கு மகன்கள் மணவயதை நெருங்குகிறார்கள். "ஹஜ்ரத், என்ன எதிர்பார்க்கிறீங்க?" என்று பெண் வீட்டார் வந்து கேட்கும் நாள் தூரத்தில் இல்லை.