வானூர்திக்குச் சாலை வழிவிடுமா?

தொண்டியிலிருந்து தேவிபட்டினம் நோக்கி இறங்கும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்தது உப்பூர். ஒருபால் பாக்கு நீரிணையின் ஆழமற்ற கடல். மறுபால் உவர்நிலமும் சீமைக்கருவேலங் காடும். இவ்வூர்ப் பிள்ளையாரின் கருவறைக்கு மேற்கூரை இல்லை. கதிரொளி நேரே விழுவதால் அவர் வெயிலுகந்த விநாயகர். அக்கருவறைபோல் வானுக்குத் திறந்து கிடக்கும் இச்சாலையில் ஒரு சிறு வானூர்தி இறங்குமாயின், அது குற்றமா?

வினா வெறுங்கற்பனை அன்று. 2025 நவம்பர் 13 அன்று, சேலத்திலிருந்து புறப்பட்ட செஸ்னா வகைப் பயிற்சி வானூர்தி ஒன்று, பறக்கையில் நேர்ந்த கோளாற்றால் திருச்சி–புதுக்கோட்டை நெடுஞ்சாலையில் நார்த்தாமலைக்கு அருகே இறங்கியது. உள்ளிருந்த இருவரும் உயிர்பிழைத்தனர்.

முதலில் இயற்பியல் கூறுவதைக் கேட்போம். பொறி நின்ற வானூர்தி கல்லெனக் கீழே விழுவதில்லை, சறுக்கிச் செல்கிறது. செஸ்னா 172 வகை ஓர் அடி இறங்குவதற்குள் ஏறத்தாழ ஒன்பது அடி முன்னேறும். உப்பூருக்கு மேல் 1,000 அடி உயரத்தில் பொறி நின்றால், காற்றில்லா நிலையில் அது எட்டக்கூடிய தொலைவு ஏறத்தாழ 2.7 கிலோமீட்டர், எஞ்சிய காலம் ஒன்றேகால் மணித்துளி. இராமநாதபுரத்திற்குக் கிழக்கே உச்சிப்புளியில் கடற்படையின் பருந்து வான்தளம் உண்டு. ஆயினும் அவ்வளவு தொலைவை இச்சறுக்கல் எட்டாது.

அச்சிறு வட்டத்துள் மூன்றே புகலிடங்கள். கடலில் இறங்கினால், மடங்காத சக்கரங்கள் நீரில் சிக்கி வானூர்தியைக் கவிழ்க்கக்கூடும். ஈர உவர்நிலத்தில் முன்சக்கரம் புதைந்து, மூக்கு மண்ணில் குத்தக்கூடும். சாலையோ உறுதியானது, ஆனால் இருவழிச் சாலையின் தார்ப்பரப்பு வழக்கமாக 7 மீட்டர் அகலமே, இறக்கைகளோ நுனிக்கு நுனி 11 மீட்டர். இருபுறமும் இரண்டிரண்டு மீட்டர் வெளியே நீளும் இறக்கைக்கு மின்கம்பமும் மரமும் பகை. குறுக்கே செல்லும் மின்கம்பி மேலிருந்து நோக்குவோர் கண்ணுக்குப் புலப்படாது. ஆகவே தேர்ந்த வானோடி கம்பியைத் தேடமாட்டார், கம்பத்தைத் தேடுவார்.

காற்றும் கணக்கில் வரும். இச்சாலை பொதுவாக வடகிழக்கிலிருந்து தென்மேற்காகச் சாய்ந்து செல்வதால், வாடை வீசும் காலத்தில் காற்று பெரிதும் அதன் நீளவாக்கிலேயே ஓடும். மணிக்கு 120 கிலோமீட்டர் விரைவில் இறங்கும் வானூர்தி 30 கிலோமீட்டர் எதிர்காற்றை முகங்கொண்டால், தரையைத் தொடும் விரைவு 90 ஆகும். இயக்க ஆற்றல் விரைவின் இருமடியைப் பொறுத்ததாதலின், நிறுத்தத்தின்போது தணிக்கவேண்டிய ஆற்றல், பாதிக்குச் சற்றே மேலான அளவாகக் குறைந்துவிடும். ஆயினும் காற்றுக்கு எதிரே இறங்கினாலும் உடன் இறங்கினாலும், இருவழிச் சாலையில் எதிரே ஒரு பேருந்து வரவே செய்யும்.

இனிச் சட்டம். 1934ஆம் ஆண்டின் வானூர்திச் சட்டத்திற்கு மாற்றாக வந்த பாரதிய வாயுயான் அதினியம் 2025 சனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. 1937ஆம் ஆண்டின் வானூர்தி விதிகளுள் 21ஆம் விதி, மக்களுக்கோ உடைமைக்கோ தேவையற்ற இடர் விளைக்குமாறு பறத்தலைத் தடுக்கிறது. ‘தேவையற்ற’ என்னும் சொல்லே இவ்விதியின் உயிர்நிலை. பன்னாட்டு வான்பயண விதிகளும், பாதுகாப்பின் பொருட்டு முற்றிலும் இன்றியமையாதபோது வானோடி விதியினின்று விலகலாம் என இடம் தருகின்றன.

குற்றவியல் சட்டமும் இதையே மொழிகிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 19ஆம் பிரிவு, தீய நோக்கின்றி, பெருந்தீங்கைத் தவிர்க்க நன்னம்பிக்கையுடன் செய்த செயலைக் குற்றமெனக் கொள்ளாது. அதற்குச் சட்டமே காட்டும் எடுத்துக்காட்டு ஒரு கப்பல் தலைவன்: தன் பிழையின்றியே, இருபது முப்பது பேர் ஏறிய படகை மோதும் நிலையில் சிக்கியவன், இருவர் மட்டுமே உள்ள படகை மோதக்கூடுமெனத் தெரிந்தும் திசை திருப்புகிறான். கடலறிந்த உப்பூரார்க்கு இதன் பொருளை விளக்கவேண்டியதில்லை.

‘தன் பிழையின்றி’ என்னும் அடை இங்கே ஆழ்ந்து நோக்கத்தக்கது. எரிபொருளை அளந்து பாராமல் புறப்பட்டவர், பழுதை அறிந்தும் பறந்தவர், வேடிக்கைக்காகச் சாலையைத் தேடியவர் ஆகியோர்க்கு அப்பிரிவின் அரண் எளிதில் கிட்டாது. ஆதலின் புலனாய்வோர் சக்கரம் பதிந்த தடத்தோடு நில்லார். புறப்பாட்டுக்கு முன் நிகழ்ந்த ஆய்வு ஏடுகளையும் புரட்டுவர்.

முன்னரே ஆயத்தம் செய்த சாலையின் நிலை வேறு. 2021 செப்டம்பர் 9 அன்று இராசத்தானின் பார்மேர் அருகே, தேசிய நெடுஞ்சாலை 925அ-வின் 3 கிலோமீட்டர் நேர்பகுதி அவசரத் தரையிறங்கு தளமாகத் திறக்கப்பட்டது. ஆந்திரத்தின் கொரிசபாடு அருகிலும் அத்தகைய தளம் உண்டு. சிங்கப்பூரின் லிம் சூ காங் சாலையில் போர்வானூர்திகள் பயிற்சிக்காக இறங்கி ஏறியுள்ளன. அங்கெல்லாம் போக்குவரத்தை நிறுத்தி, தடைகளை அகற்றி, பரப்பைச் சோதித்த பின்னரே சக்கரம் நிலந்தொடும்.

இடையூற்றில் இறங்கிய ஊர்தி அச்சாலையிலிருந்தே மீண்டும் பறக்கலாமா? இறங்கியபோது உயிர் காக்க வேறு வழியில்லை. தரையில் நின்றபின் அவ்விடர் தீர்ந்தது. எனவே இறங்கியதற்கு அரணாக நின்ற இன்றியமையாமை, ஏறுவதற்கு அரணாகாது. உரியோர் ஒப்புதலும் மூடிய சாலையும் இல்லையேல், இறக்கையைக் கழற்றிச் சரக்குந்தில் ஏற்றிச் செல்வதே முறை.

ஆகவே உப்பூர்ச் சாலையில் இறங்குதல், வேறு புகலற்றவர்க்குக் குற்றமன்று. விரும்பி வருபவர்க்கு உரிமையுமன்று.