உப்புக் கரைசலில் ஒரு வழக்கு

பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த என் பேத்திக்கும் அவள் தோழிக்கும் வாக்குவாதம். உப்புக் கரைசலில் மின்சாரம் செலுத்தினால் கேத்தோடில், அதாவது எதிர்மின்வாயில், சோடியம் சேரும் என்றாள் ஒருத்தி. ஹைட்ரஜன் என்றாள் மற்றவள். "தாத்தா, யார் சரி?" என்று வழக்கு என்னிடம் வந்தது.

தண்ணீரே இல்லாமல், 801 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருகிய உப்பானால் சோடியம் கிடைக்கும். கரைசலிலோ சோடியம் அயனியைவிடத் தண்ணீர் எளிதில் எலெக்ட்ரானை வாங்கிக்கொள்கிறது. அதனால் ஹைட்ரஜன் வெளிவரும். காஸ்டிக் சோடா கரைசலில் தங்கும். நேர்மின்வாயில், கரைசல் செறிவாக இருந்தால் குளோரின். மிகவும் நீர்த்திருந்தால் பெரும்பாலும் ஆக்ஸிஜன்.

ஆகவே பிள்ளைகளே, வினாத்தாளில் 'மோல்ட்டன்', 'கான்சன்ட்ரேட்டட்', 'டைலூட்' என்ற சொல் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். விடையே அதில்தான் இருக்கிறது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. இதை வீட்டில் செய்து பார்க்க விடாதீர்கள். குளோரின் நச்சு வாயு; ஹைட்ரஜன் தீப்பற்றக்கூடியது. ரயில் பெட்டி பேட்டரிகளைச் சார்ஜ் செய்யும்போதும் ஹைட்ரஜன் வரும். பேட்டரி அறைக்குள் நுழைந்ததும் ஜன்னல் திறந்திருக்கிறதா என்று பார்ப்பது சர்வீஸில் எனக்கு வந்த பழக்கம், இன்னும் போகவில்லை.