மலை ஏறும் லாரி

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து காய்கறி ஏற்றிய லாரிகள் கேரளத்துக்குச் செல்வதைப் பார்த்திருப்பீர்கள். லோயர் கேம்ப்பைத் தாண்டிக் குமுளி மலைப்பாதையில் ஏறியதும், விரைந்து வந்த லாரி முனகிக்கொண்டே ஊர்கிறது. இன்னும் பெரிய எஞ்சினைப் பொருத்தினால் என்ன?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். லாரியும் சரக்கும் சேர்ந்து 15 டன் என்றும், பாதை 15 மீட்டருக்கு 1 மீட்டர் உயர்கிறது என்றும் கொள்வோம். சமதளத்தில் லாரியை உருட்டச் சுமார் 150 கிலோ எடைக்குச் சமமான விசை போதும். ஏற்றத்திலோ, எடையில் 15 இல் ஒரு பங்கு, அதாவது 1,000 கிலோ, லாரியைப் பின்னுக்கு இழுக்கும். இரண்டையும் வென்று மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஏறச் சுமார் 250 குதிரைத்திறன் வேண்டும். 12 கி.மீ. வேகம் போதுமென்றால் 50 குதிரைத்திறனே போதும்!

இங்கேதான் கியர் உதவுகிறது. முதல் கியரில் எஞ்சின் பலமுறை சுழன்றால்தான் சக்கரம் ஒருமுறை சுழலும். வேகம் குறைய, இழுவிசை பெருகுகிறது.

பெரிய எஞ்சினுக்கு விலை அதிகம். அதன் எடை கூடக்கூட, ஏற்றும் சரக்கு குறையும். பயணத்தின் பெரும்பகுதியோ சமவெளியில்தான். எனவே லாரி செய்பவர்கள் நடுத்தர எஞ்சினையும் பல கியர்களையும் சேர்த்து அமைக்கிறார்கள்.

ஆனால் பெருகிய விசை முழுவதையும் கியர்ப் பற்களும் அச்சும் தாங்க வேண்டும். அங்கே சிக்கனம் பார்த்து மட்டமான எஃகைப் போட்டால், பாதி மலையில் அச்சு முறியலாம். அளவுக்கு மீறிச் சுமை ஏற்றினாலும் இதே ஆபத்துதான்.

இறங்கும்போதும் ஓட்டுநர் தாழ்ந்த கியரையே போடுகிறார். ஏன் தெரியுமா? அப்போது எஞ்சினே லாரியைப் பிடித்து நிறுத்துகிறது. பிரேக் சூடேறிப் பிடிப்பை இழப்பதில்லை.