மேல்மாடிக் குழாய் உடைந்தால் கீழ்மாடிச் செலவு யாருடையது?

ஒன்ராறியோவில் கொண்டோமினியம் ஒன்றில் வீடு வாங்குபவர் தமது அலகையும், கூடவே படிக்கட்டு, மின்தூக்கி, கூரை, சுவருக்குள் ஓடும் பிரதான குழாய்கள் போன்ற பொதுப்பகுதிகளில் ஒரு பங்கையும் சேர்த்தே வாங்குகிறார். அப்பொதுப்பகுதிகளை நிர்வகிப்பது, எல்லா உரிமையாளர்களையும் உறுப்பினர்களாகக் கொண்ட கொண்டோ கூட்டுத்தாபனம் ஆகும். 2001 மே 5 முதல் நடைமுறையிலுள்ள 1998ஆம் ஆண்டின் கொண்டோமினியம் சட்டமே இவ்வமைப்பை ஆள்கிறது. ஒரு மாடியில் குழாய் வெடித்து மூன்று மாடிகள் நனையும்போது எந்தச் செலவு எவருடைய காப்புறுதிக்குப் போகிறது என்பதைத் தீர்க்கும் விதிகளும் இச்சட்டத்திலேயே உள்ளன. ஆனால் அவை ஒரே இடத்தில் இல்லை என்பதுதான் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் கொண்டோ வாங்கியுள்ள தமிழர்கள் உட்படப் பலருக்கும் எழும் குழப்பத்தின் தொடக்கம்.

சட்டத்தின் 99ஆம் பிரிவின்படி, தீ, மின்னல், புயல், வெடிப்பு முதலான பெரும் இடர்களால் அலகுகளுக்கும் பொதுப்பகுதிகளுக்கும் நேரும் சேதத்துக்குக் கூட்டுத்தாபனம் காப்புறுதி எடுத்தே தீரவேண்டும். குழாயிலிருந்து நீர் வெளியேறுவதும் அவ்விடர்ப் பட்டியலில் அடங்கும். இதனால் பலர் தமது அலகு முழுவதும் கட்டடத்தின் காப்புறுதிக்குள் இருப்பதாக நம்பிவிடுகிறார்கள். உண்மையில் அந்தக் காப்புறுதி சென்று நிற்பது 'நியம அலகு' எனப்படும் எல்லையில். கட்டடத்தை அமைத்தவர் கொடுத்த விபரப்பட்டியலிலோ, கூட்டுத்தாபனம் பின்னர் இயற்றிய துணைவிதியிலோ, ஓர் அலகில் எவையெவை அடிப்படையாக அமைந்தவை என்று எழுதப்பட்டிருக்கும். அதற்கு மேற்பட்டவை யாவும் 'மேம்பாடு' எனக் கருதப்பட்டு உரிமையாளரின் சொந்தப் பொறுப்பாகின்றன. கட்டியவர் போட்ட லமினேற் தரையைப் பெயர்த்துவிட்டு ஓக் பலகை பதித்த ஒருவருக்குக் கூட்டுத்தாபனத்தின் காப்புறுதி தருவது லமினேற்றின் விலையை மட்டுமே. ஓக் பலகையைப் பதித்தவர் இன்று அங்கு இல்லாமல், வீடு இருமுறை கைமாறியிருந்தாலும் நிலை அதுவே. சோபா, தொலைக்காட்சி, நனைந்த கூறைச்சேலை போன்ற உடைமைகளைக் கட்டடக் காப்புறுதி தொடுவதே இல்லை.

ஆயினும் கொண்டோ நீர்ச்சேதப் பிணக்குகளின் கூர்முனை வேறோரிடத்தில் இருக்கிறது. காப்புறுதி நிறுவனம் பணம் தரத் தொடங்குமுன் காப்புறுதி எடுத்தவர் தாமே ஏற்கவேண்டிய முதற்தொகை டிடக்டிபிள் எனப்படும். தனிவீட்டில் இத்தொகை சில ஆயிரம் டொலரைத் தாண்டுவது குறைவு. தொடர்மாடிகளில் நீர்ச்சேதத்துக்கென மட்டும் 25,000 டொலர், 50,000 டொலர் என விதிக்கப்படுவது அரிதன்று. ஒரு மாடியில் திறந்த நீர் ஈர்ப்புவிசையின் துணையோடு பல மாடிகளுக்கு இறங்கும் என்பதால், காப்புறுதி நிறுவனங்கள் தீயைக் காட்டிலும் தண்ணீருக்கே அதிகம் அஞ்சுகின்றன. மேலும், கூட்டுத்தாபனத்தின் காப்புறுதி நிறுவனம் தான் கொடுத்த பணத்தை உரிமையாளரிடமிருந்து திரும்ப அறவிடும் உரிமையைப் பொதுவாகத் துறந்துவிட வேண்டும் என்று சட்டமே கூறுகிறது; ஆகவே எல்லாத் தரப்பும் இழுபறிப்படுவதற்கு எஞ்சியிருப்பது இந்த டிடக்டிபிள் தொகைதான்.

ஒரு கற்பனைக் கணக்கு இதை விளக்கும். ஒன்பதாம் மாடியில் துணி துவைக்கும் இயந்திரத்தின் ரப்பர்க் குழாய் வெடித்து, அந்த அலகில் 18,000 டொலரும், எட்டாம் மாடியில் 24,000 டொலரும், ஏழாம் மாடியில் 8,000 டொலரும், நடைகூடத்திலும் மின்தூக்கியிலும் 12,000 டொலருமாக மொத்தம் 62,000 டொலர் சேதம் நேர்கிறது என்றும், டிடக்டிபிள் 25,000 டொலர் என்றும் கொள்ளலாம். காப்புறுதி நிறுவனம் 37,000 டொலரைக் கொடுக்கும். மிகுதி 25,000 டொலர் சட்டத்தின் 105ஆம் பிரிவின்படி பொதுச்செலவாகி, எல்லா உரிமையாளர்களின் மாதாந்தப் பராமரிப்புக் கட்டணத்தில் கரைய வேண்டியது. ஆனால் அதே பிரிவு ஒரு விதிவிலக்கும் வைத்திருக்கிறது: உரிமையாளரோ, வாடகைக்கு இருப்பவரோ, உரிமையாளரின் அனுமதியுடன் தங்கியிருப்பவரோ தமது செயலால் அல்லது செய்யத் தவறியதால் அந்த உரிமையாளரின் அலகுக்குச் சேதம் விளைவித்தால், திருத்தச்செலவு, டிடக்டிபிள் ஆகிய இரண்டில் எது குறைவோ அது அவருடைய பொதுச்செலவுக் கணக்கில் சேர்க்கப்படும்.

இங்கே கவனிக்க வேண்டியது 'அந்த உரிமையாளரின் அலகு' என்ற சொற்றொடர். சட்டத்தை மட்டும் கொண்டு பார்த்தால், ஒன்பதாம் மாடிக்காரர்மீது ஏற்றக்கூடியது அவருடைய அலகில் நேர்ந்த 18,000 டொலர் மட்டுமே. கீழ்மாடிகளின் சேதத்தில் அவருக்குப் பங்கு இல்லை. ஆனால் அந்த விதிவிலக்கை விரிவுபடுத்தும் துணைவிதி இயற்றக் கூட்டுத்தாபனத்துக்குச் சட்டம் இடம் தருகிறது. கட்டடத்தின் மூல ஆவணமாகிய பிரகடனத்திலும், பிற அலகுகளுக்கு விளைத்த சேதத்தை ஈடுசெய்ய வேண்டும் என்ற வாசகம் பெரும்பாலும் இருக்கும். அவ்வாறு இருந்தால் 25,000 டொலர் முழுவதும் அவர் தலையில் விழலாம். டிடக்டிபிள் 50,000 டொலராக உயர்ந்திருந்தால் அதே குழாய்க்கும் அதே தண்ணீருக்கும் அவர் செலுத்துவது இரட்டிப்பாகலாம். 'செயல் அல்லது செய்யத் தவறியது' என்ற சொற்களில் கவனயீனம் என்ற சொல் இல்லாததால், பத்தாண்டு பழைய குழாயை மாற்றாதது தவறா, வெறும் துரதிர்ஷ்டமா என்பதில் வழக்கறிஞர்களுக்கு வேலை குறைவதில்லை. சட்டத்தை எழுதியவர்கள் இந்த ஓரிடத்தில் இன்னும் தெளிவாக எழுதியிருக்கலாம்.

பொதுச்செலவில் சேர்க்கப்பட்ட தொகையைச் செலுத்தாவிட்டால், கூட்டுத்தாபனம் அந்த அலகின்மீது லீன் எனப்படும் பிடியுரிமையைப் பதிவுசெய்யலாம். அந்தப் பிடியுரிமை வங்கியின் வீட்டுக்கடனுக்கும் முன்னுரிமை பெற்றது என்பதால், பிணக்கு முற்றுவதற்குள் வங்கி அத்தொகையைக் கட்டிவிட்டு உரிமையாளரின் கடனோடு சேர்த்துவிடுவதும் உண்டு.

இந்தச் சுமையைத் தாங்குவதற்கென இருப்பதுதான் அலகு உரிமையாளரின் தனிப்பட்ட கொண்டோ காப்புறுதி. உடைமைகள், மேம்பாடுகள், வீடு திருத்தப்படும்வரை வெளியே தங்கும் செலவு, பிறருக்கு விளைத்த தீங்குக்கான பொறுப்பு ஆகியவற்றுடன், கூட்டுத்தாபனம் ஏற்றும் டிடக்டிபிளை ஈடுசெய்யும் பகுதியும் அதில் இருக்கும். ஆனால் அந்தப் பகுதிக்கெனத் தனி உச்சவரம்பு இருக்கக்கூடும். கட்டடத்தின் டிடக்டிபிள் 50,000 டொலராக இருக்க, உரிமையாளரின் பொலிசி 10,000 டொலரோடு நின்றுவிட்டால், மிகுதி 40,000 டொலர் அவருடைய சேமிப்பிலிருந்தே போகும். ஆண்டுக்கு இருபது முப்பது டொலர் மிச்சம் பிடிக்கும் எண்ணத்தில் மலிவான பொலிசியைத் தேடுபவர்கள் கைவிடுவது பெரும்பாலும் இந்தப் பகுதியைத்தான். அலகை வாடகைக்கு விட்டிருப்பவருக்கும் விலக்கு இல்லை, ஏனெனில் வாடகைக்கு இருப்பவரின் தவறு உரிமையாளரின் கணக்கிலேயே ஏறுகிறது. அதை வாடகைக்கு இருப்பவரிடமிருந்து பெறுவது தனி வேலை. திடீரென வெடித்த குழாய்க்குப் பணம் தரும் பொலிசிகள், கழிவறை அடியில் மாதக்கணக்கில் சொட்டிய மெதுவான கசிவைப் பொதுவாக ஏற்பதில்லை என்பதும் இதனோடு சேர்த்து அறியவேண்டியது.

குழாய்களின் வயதும் வகையும் தனிக்கதை. 1990களின் நடுப்பகுதியிலிருந்து 2007 வரை விற்கப்பட்ட கிடெக் குழாய்கள், பொதுவாகச் செம்மஞ்சள் நிறத்தில் வெந்நீருக்கும் நீல நிறத்தில் தண்ணீருக்குமாக, ரொறன்ரோப் பெரும்பாகத்தின் பல தொடர்மாடிகளில் பொருத்தப்பட்டன. அவற்றின் பித்தளை இணைப்புகள் நாளடைவில் அரித்துப்போவதால் கனடாவிலும் அமெரிக்காவிலும் குழு வழக்கு நடந்து, 12.5 கோடி டொலர் இழப்பீட்டு நிதியும் உருவானது. சமையலறைத் தொட்டியின் அடியில் குனிந்து பார்த்தால் அந்த நிறங்கள் இன்றும் சில வீடுகளில் தென்படும். பொலிசி புதுப்பிக்கும்போது காப்புறுதி நிறுவனங்களும் இதை விசாரிக்கின்றன.

வாங்கும் முன்னர் இவற்றையெல்லாம் அறிய வழி ஸ்டேட்டஸ் சேர்டிபிக்கேற் எனப்படும் நிலைச் சான்றிதழ். வரி உட்பட 100 டொலருக்கு மேற்படாத கட்டணத்தில், கேட்டுப் பத்து நாட்களுக்குள் கூட்டுத்தாபனம் அதைக் கொடுக்கவேண்டும். வாங்கிக் குடியேறியவருக்கு, 2017 நவம்பர் முதல் ஆண்டுக்கு இருமுறை வரும் தகவற் சான்றிதழில் கட்டடத்தின் டிடக்டிபிள் அச்சிடப்பட்டிருக்கும். தபாற்பெட்டியில் விளம்பரத் தாள்களோடு சேர்ந்து கிடக்கும் அந்தத் தாளிலுள்ள எண்ணும், சொந்தப் பொலிசியில் டிடக்டிபிளுக்கென எழுதப்பட்டுள்ள உச்சவரம்பும் ஒன்றாயிருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.