வெள்ளை வேர்

புதுக்கோட்டை மாவட்டத்துத் திருவரங்குளம் வட்டாரம் நிலக்கடலையும் உளுந்தும் விளைகிற மண். பக்கத்தில் வம்பனில் தேசிய பயறுவகை ஆராய்ச்சி மையமே இருக்கிறது. ஆனால் அறுபதைத் தாண்டிய பலருக்கு வறுத்த கடலையைக் கடித்துத் தின்னும் கொடுப்பினை இல்லை. குழைந்த சோறும் ரசமும்தான். ஈறு நோய், வெற்றிலையோடு சேர்ந்த புகையிலை, கவனிக்காமல் விட்ட சர்க்கரை என்று காரணங்கள் பல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் வெளியானபோது தமிழ்நாட்டில் பெரியவர்களில் சர்க்கரை நோயாளிகள் 14.4 சதவீதம் என்றது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவருக்கு ஈறு வேகமாகக் கெடும். ஈறு கெட்டால் பல்லைத் தாங்கும் எலும்பு கரையும்.

பல் மொத்தமும் போனவருக்கு நெடுங்காலமாகத் தெரிந்த வழி பல்செட். கழற்றி மாட்டும் அந்தப் பல்செட் மேல்தாடையில் ஓரளவு ஒட்டி நிற்கும். கீழ்த்தாடையில் நாக்கு அசைந்தாலே தூக்கிக்கொண்டு வரும். எலும்புக்குள் செயற்கை வேரை ஊன்றி அதன்மேல் நிலையான பல் கட்டும் இம்ப்ளாண்ட் முறை அடுத்து வந்தது. இப்போது பெருநகர மருத்துவமனைகள் சில, ஒரு படி மேலே போய், உலோகமே இல்லாத பீங்கான் வேர்களால் முழு வாயையும் சீரமைப்பதாகச் சொல்கின்றன. உடம்புக்கு ஒத்த பொருள்களே வேண்டும் என்று சொல்லும் ‘உயிரியல் பல் மருத்துவம்’ என்ற பெயரும் கூடவே வருகிறது. லட்சக்கணக்கில் பணம் கேட்கும் விஷயம் இது. அதனால் இதில் எது உண்மை, எது பயமுறுத்தல் என்று பிரித்துப் பார்ப்பது அவசியம்.

முதலில் உலோகத்தின் கதை. ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் பெர் இங்வார் பிரோனெமார்க் 1952 வாக்கில் முயலின் காலெலும்புக்குள் டைட்டானியக் கருவி ஒன்றைப் பதித்து ரத்த ஓட்டத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார். ஆய்வு முடிந்து கழற்றப் பார்த்தால் வரவில்லை. எலும்பு அதோடு ஒன்றாக வளர்ந்துவிட்டிருந்தது. 1965இல் யோஸ்டா லார்சன் என்ற ஸ்வீடன்காரரின் கீழ்த்தாடையில் டைட்டானியத் திருகுகளைப் பொருத்தினார். அவை லார்சன் 2006இல் இறக்கும்வரை, நாற்பது வருடங்களுக்கு மேல், அப்படியே உழைத்தன.

பீங்கானும் கிட்டத்தட்ட அதே காலத்தில்தான் களத்தில் இறங்கியது. சுவிட்சர்லாந்தின் சாமி சாண்ட்ஹவுஸ் 1960களில் அலுமினா என்ற பீங்கானில் பல் வேர் செய்தார். எலும்பு அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் அலுமினா நொறுங்கும் குணம் உடையது. மெல்லும் பாரத்தில் உடைந்த வேர்களால் அந்த முயற்சி மெல்ல மங்கிப்போனது.

அந்த முயற்சியை மீட்டெடுத்தது சிர்கோனியா என்ற இன்னொரு பீங்கான். தூய சிர்கோனியாவைச் சூளையில் சுட்டு ஆறவிட்டால், ஆறும்போது அதன் படிகங்கள் உருமாறிப் பருத்து, பொருளே விரிசல் விட்டுவிடும். கொஞ்சம் இட்ரியம் ஆக்சைடு சேர்த்தால் அந்த உருமாற்றம் நடக்காமல் தள்ளிப்போகிறது. 1975இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் விளக்கிய சூட்சுமம் இதில்தான் இருக்கிறது. எங்காவது விரிசல் தொடங்கினால், அதன் நுனியில் இருக்கும் படிகங்கள் மட்டும் அந்த நொடியில் உருமாறிப் பருக்கின்றன; பருத்து, விரிசலை இரண்டு பக்கமும் நெருக்கி நிறுத்திவிடுகின்றன. விரிசலைத் தானே தடுத்து நிறுத்தும் பீங்கான்! அலுமினாவைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு வலிமை இதனால் கிடைத்தது. அதற்காக இது உடையவே உடையாது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரு பிரெஞ்சு நிறுவனம் செய்த சிர்கோனியா இடுப்பு மூட்டுகள் நூற்றுக்கணக்கில் உடைந்து, 2001இல் திரும்பப் பெறப்பட்டன. சூளை முறையை மாற்றியதில் வந்த வினை. எந்தப் பீங்கான் என்பதோடு, யார் எப்படிச் சுட்டது என்பதும் இதில் முக்கியம்.

டைட்டானியமும், சிர்கோனியாவுக்கு மூலமான சிர்கோனியமும் நமக்கு அந்நியமில்லை. 1789இல் ஜெர்மானிய வேதியியலாளர் கிளாப்ரோத் சிர்கோனியத்தைக் கண்டறிந்தது இலங்கையிலிருந்து போன கல்லில். டைட்டானியத்துக்குப் பெயர் வைத்தவரும் அவரே. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியின் கடற்கரை மணலில் டைட்டானியத் தாதுவான இல்மனைட்டும் சிர்கோனியத் தாதுவான சிர்க்கானும் கலந்தே கிடக்கின்றன. பொதுத்துறை நிறுவனம் ஒன்று அவற்றைப் பிரித்தெடுக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்துப் பழையகாயலில் அணுஉலைகளுக்காகச் சிர்கோனியம் தயாராகிறது.

‘உலோகம் உடம்புக்கு ஆகாது’ என்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சிர்கோனியா என்பதே சிர்கோனியம் என்ற உலோகத்தின் ஆக்சைடு. டைட்டானியத் திருகின் மேலும் மெல்லிய ஆக்சைடு படலம் தானாகவே உருவாகிவிடுகிறது. எலும்பு ஒட்டுவது அந்தப் படலத்தோடுதான். டைட்டானிய ஒவ்வாமை இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. ஸ்பெயினில் 1,500 இம்ப்ளாண்ட் நோயாளிகளைக் கவனித்து 2008இல் வெளியான ஆய்வில் ஒன்பது பேருக்குப் பரிசோதனையில் அது தெரிந்தது. அதாவது 0.6 சதவீதம். அந்தச் சிலருக்குப் பீங்கான் வேர் பெரிய வரம். மற்றவர்களைப் பயமுறுத்த இந்தக் கணக்கு போதாது.

உயிரியல் பல் மருத்துவம் சொல்வதெல்லாம் தவறு என்றும் ஒதுக்கிவிட முடியாது. சொத்தைப் பல்லில் அடைக்கும் பாதரசக் கலவையை அந்த மருத்துவர்கள் நெடுங்காலம் எதிர்த்தார்கள். பாதரசத்தைக் குறைக்கும் மினமாட்டா உடன்படிக்கை 2013இல் வந்தது. இந்தியா 2018இல் ஏற்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 தொடக்கத்தில் பல் சிகிச்சையில் அந்தக் கலவையை நிறுத்தியது. ஆனால் வேர் சிகிச்சை செய்த பல்லெல்லாம் நோய்க்கிடங்கு, பிடுங்கிவிட்டுப் பீங்கான் வைப்பதே நல்லது என்று அந்த வட்டத்தில் சிலர் சொல்வது வேறு ரகம். இந்தப் பேச்சுக்கு ஆதாரம் 1920களின் பரிசோதனைகள். அவற்றைப் பிற்காலத்து ஆய்வுகள் உறுதிசெய்யவில்லை. காப்பாற்றக்கூடிய பல்லை இந்தப் பயத்தில் பிடுங்கக் கொடுப்பது பெரும் இழப்பு. சொந்தப் பல்லின் வேருக்கு ஈடான வேரை இதுவரை எந்த ஆலையும் செய்யவில்லை.

பீங்கான் வேரின் உண்மையான நன்மைகள் வேறு. வெள்ளையாக இருப்பதால் மெல்லிய ஈறு உள்ளவருக்குக் கருநிழல் தெரியாது. அழுக்குப் படலம் அதில் குறைவாகவே ஒட்டுகிறது. குறையும் உண்டு. பல பீங்கான் வேர்கள், ஈறுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியும் சேர்ந்த ஒரே துண்டு. எலும்பு பிடிக்கும்வரை நாக்கும் உணவும் அதில் இடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சாய்வாக ஊன்றிவிட்டால் பின்னால் நிமிர்த்த வழி குறைவு. தரவும் குறைவு: பல் வேராகச் சிர்கோனியா பரவலானது 2000களில்தான், டைட்டானியத்துக்கு இருக்கும் நாற்பது வருடச் சாட்சி அதற்கு இன்னும் சேரவில்லை.

முழு வாய் சீரமைப்பு ஒருநாள் வேலையும் இல்லை. முப்பரிமாண ஸ்கேன் எடுத்து எலும்பை அளக்க வேண்டும். மூன்று மாதச் சர்க்கரை அளவைப் பார்க்க வேண்டும். எலும்பு குறைந்த இடத்தில் எலும்புத்தூள் வைக்க வேண்டியிருக்கலாம். வேர்கள் ஊன்றியபின் பொதுவாக மூன்றிலிருந்து ஆறு மாதம் தற்காலிகப் பல். அதன் பிறகே நிரந்தரப் பல். எலும்பு தேய்மானத்துக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கூலி வேலைக்குப் போகிற குடும்பத்துக்கு இத்தனை செலவும் அலைச்சலும் கட்டாது. அவர்களுக்கு வேறு நல்ல வழி இருப்பதை யாரும் விளம்பரம் செய்வதில்லை. 2002இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், பல்லில்லாத கீழ்த்தாடைக்கு முன்பக்கம் இரண்டே இம்ப்ளாண்ட் ஊன்றி அதில் பல்செட்டைப் பொருத்துவதையே முதல் தேர்வாக வைக்கலாம் என்றார்கள். கழற்றிக் கழுவலாம், ஆனால் சாப்பிடும்போது தூக்காது. திருவரங்குளத்துக்காரருக்கு ஆலோசனை கேட்கத் திருச்சிவரை ஓட வேண்டியதும் இல்லை. 2023இல் ஆண்டுக்கு 50 மாணவர் இடங்களோடு அரசு பல் மருத்துவக் கல்லூரி புதுக்கோட்டையிலேயே திறக்கப்பட்டுவிட்டது. ஈறு, எலும்பு, சர்க்கரை மூன்றையும் அங்கே காட்டிவிட்டுப் பிறகு தனியார் மருத்துவமனையின் மதிப்பீட்டை ஒப்பிடலாம்.

டைட்டானியமோ பீங்கானோ, எது வைத்தாலும் செயற்கை வேருக்குச் சொத்தை வராது. ஆனால் அதைச் சுற்றிய ஈறும் எலும்பும் கெடலாம். புகையிலை தொடர்ந்தால் ஆபத்து கூடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போக வேண்டும். பணம் கட்டும்போதே வேர் செய்த நிறுவனத்தின் பெயரும் அளவும் எண்ணும் எழுதிய அட்டையைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். சில வருடம் கழித்துப் பழுது வந்து வேறு ஊர் மருத்துவரிடம் போனால், பொருந்தும் பாகத்தை அவர் அந்த எண்ணை வைத்துத்தான் வரவழைக்க முடியும்.