எல்லை திறந்தது, விசா விலகவில்லை

புது தில்லி: கரோனா பரவலால் 2020 மார்ச் 22-ஆம் தேதி வெளிநாட்டவருக்கு அடைக்கப்பட்ட வியத்நாம் எல்லைகள், 2022 மார்ச் 15-இல் முழுமையாகத் திறக்கப்பட்டன. 2019-இல் சுமார் 1.7 லட்சமாக இருந்த இந்தியப் பயணிகளின் எண்ணிக்கை, 2024-இல் 5 லட்சத்தை எட்டியது. 2023 நவம்பரில் திருச்சியிலிருந்தே ஹோ சி மின் நகருக்கு நேரடி விமான சேவை தொடங்கப்பட்டது.

ஹா லாங் விரிகுடாவுடன் திரும்பிவிடுவோரே அதிகம். காண வேண்டியது மத்திய வியத்நாமிலுள்ள மி சன். சம்பா மன்னர்கள் எழுப்பிய இச்சிவாலயத் தொகுதி, 1969-இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் பெரிதும் சிதைந்தது. அங்கு சீரமைப்பில் ஈடுபட்ட இந்தியத் தொல்லியல் துறையினர், 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒற்றைக்கல் சிவலிங்கத்தை வெளிக்கொணர்ந்தனர். அச்செய்தி வெளியான 2020 மே மாதத்தில், அதைக் காண எந்த இந்தியப் பயணியும் செல்ல இயலாத நிலை!

2023 ஆகஸ்டில் ஜப்பான், தென் கொரியா, சில ஐரோப்பிய நாடுகளின் குடிமக்கள் விசா இன்றித் தங்கும் காலத்தை வியத்நாம் 45 நாள்களாக உயர்த்தியது. அப்பட்டியலில் இந்தியா இல்லை. எல்லா நாட்டவருக்கும் பொதுவான 90 நாள் மின்னணு விசாவே நமக்கும். 2016-லேயே இந்தியாவுடன் முழுமையான உத்திசார் கூட்டுறவை அறிவித்த நாடு இது. ஹனோயை மட்டும் குறை கூறுவதற்கில்லை. வியத்நாமியர் இந்தியா வருவதற்கும் விசா வேண்டும்.