உங்களுக்குத் தெரியுமா? சுவருக்குள் ஒளிந்திருக்கும் புகை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் பத்து காஜாவைச் சூழ்ந்த தோட்டங்களில், ரப்பர்ப் பாலை உறையவைத்து அழுத்திய தகடுகளைக் கொட்டகையில் தொங்கவிட்டு, விறகுப் புகையில் நாட்கணக்காக உலர்த்துவது ஒரு காலத்தில் நித்திய காரியமாக இருந்தது. பூஞ்சணம் அண்டாமல் காத்த அந்தப் புகை சரக்குக்கு விலை தேடித் தந்தது. வீட்டுக்குள் பிடித்த சிகரெட்டின் புகையோ விலையைக் குறைக்கிறது.

அத்தகைய இல்லத்தை விற்க உத்தேசிப்போர் முதலில் நாடுவது புது வர்ணம். அது விரயம். சுவரில் படிந்த நிகோடின் நீரில் கரையும் சுபாவமுடையதாதலால், தண்ணீர் கலந்த சாதாரணப் பெயிண்டினூடே ஊறி மேலெழுந்து, மஞ்சள் கறையாக மறுபடியும் பிரத்தியட்சமாகிவிடும். பேராக்கின் ஈரக் காற்றும் அதற்கு உடந்தை. ஆகவே திரைச்சீலை, மெத்தை, தரைவிரிப்பு இவற்றை அப்புறப்படுத்தி, ஏர்கானையும் மின்விசிறி இறக்கைகளையும் துலக்கி, உட்கூரை உட்பட அனைத்தையும் சோப்பு நீரால் கழுவி உலர்த்திய பின்னரே, கறை தடுக்கும் அடிப்பூச்சு பூசுதல் உசிதம். அத்தகைய அடிப்பூச்சுகளுள் சிரேஷ்டமானது அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துச் செய்வது. அந்த அரக்கோ, சோட்டா நாகபுரிக் காடுகளில் ஒரு சிறு பூச்சி மரக்கிளையில் சுரப்பது!

சாம்பிராணி போட்டு வாடையை மறைத்து வீடு காட்டுவோரும் உண்டு. வாங்க வருபவரின் மூக்கு அத்தனை ஏமாளியன்று. தவிர, விஷயம் வாடையோடு நிற்பதுமன்று: பரப்புகளில் ஒட்டிய நிகோடின், காற்றிலுள்ள நைட்ரஸ் அமிலத்தோடு கூடிப் புற்றுநோய் விளைவிக்கும் சேர்மங்களாக மாறுவதை, கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தார் 2010இல் வெளியிட்டனர்.